கொச்சித் துறையும் தமிழ் எழுத்துருவும்



கொச்சியிலே, எறணாகுளத்துக் கரையில், பிராட்வே என்றொரு கடைத்தெரு உண்டு. தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாத நெருக்கமான தெரு. அங்குள்ள அச்சகம் ஒன்றுக்கு, எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழைக் கணிப்பொறியில் தட்டெழுதி எடுத்துச் சென்றேன். வீட்டில் அழகிய தமிழாகத் தோன்றிய கோப்பு, அச்சகத்துத் திரையில் உரோமன் எழுத்துகளும் புரியாத குறிகளும் கலந்த குவியலாய்க் காட்சியளித்தது. மணமகளின் பெயரைக்கூட இனங்காண முடியவில்லை. பிழை எங்கே என்று ஆராய்ந்தபோது, நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று கண்முன் விரிந்தது.

பிராட்வேயை அடுத்த படகுத்துறையிலிருந்து காயலைக் கடந்தால் கோட்டைக் கொச்சியை அடையலாம். அப்பகுதியில் சேசு சபையார் நடத்திய கல்லூரியில்தான், 1579 நவம்பர் 14ஆம் நாள் 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்திருந்தது. பதினாறே பக்கம் கொண்ட அந்நூல், இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் என்று போற்றப்படுகிறது. இவ்விரண்டையும் தமிழாக்கியவர் அண்டிரிக்கு அடிகளார். 1554இல் லிசுபனில் ஒரு தமிழ் நூல் அச்சானதுண்டு. ஆயினும் அது உரோமன் எழுத்தில் அச்சானது. தமிழின் ஒலி இருந்தது, உரு இல்லை.

'தம்பிரான் வணக்க'த்தின் கடைசிப் பக்கம் நம் பொருளுக்குப் பெரிதும் வேண்டுவது. 1577இல் கோவாவில் செய்த எழுத்துகளும், 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்துகளும் அங்குத் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. எழுத்து ஒன்று, உருவோ இரண்டு. எழுத்துரு என்பதன் இலக்கணமே இதுதான். பின்னர், செருமனி நாட்டு ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை உருவிற் பெரியனவாய்க் காகிதத்தை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அச்சுக்கோப்பவர் முன்னே அறைகள் பல கொண்ட மரப்பெட்டி இருக்கும். இன்ன அறையில் இன்ன எழுத்து என்பது அவர் கைக்குத் தெரியும். கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்வது அந்த அறையின் எண்ணை மட்டுமே. முன்னாளில் இருந்தவை 256 அறைகள். உரோமன் எழுத்துக்குரிய அறைகளிலே தமிழ் உருவங்களை இட்டு எழுத்துருக்களைச் செய்தனர். அவரவர் விருப்பப்படி அறைகள் மாறின. ஆகவே, அந்த எழுத்துரு நிறுவப்படாத கணிப்பொறி, அதே எண்ணுக்குத் தன்னிடமுள்ள உரோமன் எழுத்தைக் காட்டிற்று. என் அழைப்பிதழுக்கு நேர்ந்ததும் இதுவே.

இக்குழப்பத்தைக் குறைக்கத் தமிழக அரசு 1999இல் 'டாம்', 'டாப்' என்னும் பொது முறைகளை ஏற்றது. 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறியோ, தமிழுக்கென்றே 128 இடங்களை ஒதுக்கியது. தமிழக அரசு 2010இல் அதனைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன்படி 'கொ' என்பது, ககரமும் ஒகரக் குறியுமாகவே சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது எழுத்துருவிலுள்ள விதிகளின் துணையால் நிகழ்வது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் மறைந்த பழைய துதிக்கை 'லை'யையும், எண்ணை மாற்றாமலே, எழுத்துருவை மட்டும் மாற்றித் திரையிற் காணலாம்.

எழுத்துருவை நிறுவுதல் கடினமன்று. விண்டோசுக் கணிப்பொறியில் அக்கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து, 'நிறுவு' என்பதை அழுத்தினாற் போதும். ஆனால், அஃது அந்த ஒரு பொறிக்கு மட்டுமே உதவும். அச்சகத்துக்கு அனுப்புங்கால், எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புதல் நன்று. மறுநாள் நானும் அவ்வாறே செய்தேன். மணமகளின் பெயர் மீண்டது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. நம் சங்கங்களின் ஆண்டு மலர்கள், உறுப்பினர் பட்டியல்கள், பெற்றோர் தட்டெழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் ஆகிய பல, பழைய எழுத்துருக்களிலே உறங்குகின்றன. எந்த எழுத்துருவில் எழுதினோம் என்று அறிந்தவர் உள்ளபோதே, மாற்றிகளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்குக் கொணர்தல் வேண்டும். தவறினால், நம் பிள்ளைகள் அவற்றைத் திறக்கும் நாளில், பொருளற்ற உரோமன் குறிகளையே காண்பர். தமிழுக்கு ஈயத்தில் உருக்கொடுத்த இக்கடற்கரையில் வாழும் நாம், அவ்வுருவை இழக்க ஒருப்படலாகாது.