கிராஸ்ரோட்ஸ் தடையும் பொது ஒழுங்கும்

குடியரசு பிறந்து ஐந்து வாரம்கூட முடியாத 1950 மார்ச் 1 அன்று, சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ ஆங்கில வார இதழ் இனி மாநிலத்துக்குள் நுழையவோ விற்கப்படவோ கூடாது. நேருவின் கொள்கைகளைக் கடுமையாகச் சாடிவந்த இடதுசாரி இதழ் அது. சென்னையிலோ கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. சேலம் சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எந்தக் கட்டுரை யாரைக் கலகத்துக்குத் தூண்டியது என்று அரசு காட்ட வேண்டியதில்லை. பொது ஒழுங்குக்குத் தடை அவசியம் என அரசே கருதினால் போதும் என்றது அம்மாநிலத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம். நெருக்கடி நிலைக் காலத்தின் தணிக்கையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, எந்த நெருக்கடியும் அறிவிக்கப்படாத நாளில், எழுதுபவன் மீது பழியைப் போடும் வழக்கம் தொடங்கிவிட்டது.

தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னையில் வழக்கறிஞராக இருந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பரப்பும் உரிமை இல்லாமல் அச்சிடும் உரிமைக்குப் பயனில்லை என்றார் அவர். ஒழுங்கு தொடர்பாக அரசியல் சாசனம் அன்று அனுமதித்தது, அரசின் பாதுகாப்பையே குலைக்கும் எழுத்தைத் தடுப்பதை மட்டுமே. உள்ளூர்ச் சலசலப்பு அந்த எல்லைக்குள் வராது. நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். அதே நாளில், வலதுசாரி ‘ஆர்கனைசர்’ இதழுக்கு டெல்லியில் விதிக்கப்பட்ட முன்தணிக்கையும் ரத்தானது. எதிரெதிர் அரசியல் கொண்ட இரு இதழ்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தியதுதான் அந்தத் தீர்ப்பின் பெருமை.

அந்தப் பெருமை ஓராண்டுதான் நீடித்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைச் சாசனத்திலேயே சேர்த்தது. அது தொடக்கம் முதலே அங்கே இருந்ததாகக் கருத வேண்டும் என்றும் விதித்தது. நிறைவேற்றியது, மக்கள் வாக்களித்து இன்னும் தேர்ந்தெடுத்திராத தற்காலிக நாடாளுமன்றம். பிரிவினையின் ரத்தம் காயாத நாட்டில் வேறு வழி என்ன என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கொலைக்குத் தூண்டும் எழுத்தைக்கூடத் தண்டிக்க முடியாதோ என்ற நிலையைப் பாட்னா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டாக்கியிருந்தது. ஆனால் அதற்கு ‘குற்றம் புரியத் தூண்டுதல்’ என்ற காரணம் போதும்; அதே திருத்தம் அதையும் சேர்த்தது. பொது ஒழுங்கு என்ற அகலமான வாசல் கூடுதலாகத் திறக்கப்பட்டது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது என்பது உண்மை. நீதிமன்றங்களுக்கு மிஞ்சிய பிடி அதுவே.

அந்தப் பிடி பயன்பட்டதற்கு நம் ஊர்ச் சான்று ஒன்று உண்டு. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழக அரசு வாதிட்டது. படத்தின் கருத்தை ஏற்காதவர்களும் அந்த வாதத்தின் விளைவை யோசிக்க வேண்டும்: மிரட்டுகிறவன் கையில் கத்தரிக்கோல் போய்விடுகிறது. 1989-இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. மிரட்டலுக்காகக் கருத்தை ஒடுக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது, பேசுபவருக்குப் பாதுகாப்பு தருவது அதன் கடமை என்றது.