கற்சுவரும் சொல்லும்: பர்கண்டித் திராட்சைச் சரிவின் பெயர்வரலாறு

பிரான்சின் திஜோன் நகருக்குத் தெற்கே, போன் நகரைக் கடந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளும் குறுகிய மலைச்சரிவில் 1247 திராட்சை நிலத்துண்டுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் எல்லையும் உண்டு. இத்தகைய துண்டைப் பர்கண்டியர் 'கிளிமா' என்பர். பொதுவழக்குப் பிரெஞ்சில் அச்சொல் தட்பவெப்பத்தைக் குறிக்கும். அதன் மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளோ சாய்வு. இந்நிலப்பரப்பு 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு செல்லும் பயணியருக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் தொடர்ச்சியின் கதை: துறவிகள் நட்டார்கள், பிரபுக்கள் காத்தார்கள், குடும்பங்கள் தொடர்ந்தன. பெயர்களை ஊன்றிப் படித்தால் அத்தொடர்ச்சி பல இடங்களில் அறுந்திருப்பது புலனாகும்.

குளோ த வூஜோவைக் காண்க. 1098இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் கொடையாகவும் விலைக்கும் நிலம் சேர்த்து, பின்னர்ச் சுற்றிலும் கற்சுவர் எழுப்பினர். 'குளோ' என்றாலே அடைக்கப்பட்ட இடம் என்று பொருள். துறவிகள் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்துத் துண்டுகளின் தரம் பிரித்தனர் என்னும் கதை புகழ்பெற்றது. அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. உண்மை அதைவிடச் சுவையானது. மடத்துக்கு மரணம் இல்லை, ஆகவே வாரிசுகளும் இல்லை. பல நூற்றாண்டுகள் ஒரே கையில் கூறுபடாமல் நிலம் இருந்தமையால்தான், எந்தத் துண்டின் மது எப்படி அமைகிறது என்னும் அனுபவம் தலைமுறை தலைமுறையாகத் திரண்டது. உடலுழைப்பில் பெரும்பங்கு 'உடன்பிறப்பினர்' எனப்பட்ட, முழுத்துறவு நிலை பெறாத பணியாளர்களுடையது. இன்றைய கதையில் அவர்கள் ஓரமாகவே நிற்கின்றனர்.

பிரெஞ்சுப் புரட்சி மடத்தின் சொத்தைத் தேசவுடைமையாக்கி 1791இல் ஏலமிட்டது. 50 எக்டேர் அளவுள்ள அத்தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். இதற்கு நெப்போலியன் சட்டத்தின் சமபங்கு வாரிசுரிமையே காரணம் என்பது வழக்கமான விளக்கம். பர்கண்டி முழுமைக்கும் அது பொருந்தலாம். இத்தோட்டத்துக்கு அரைகுறையாகவே பொருந்தும். புரட்சிக்குப் பின்னும் ஏறத்தாழ நூறாண்டு அது ஒரே பண்ணையாகவே நீடித்தது. 1889இல் மது வணிகர்களுக்குப் பிரித்து விற்கப்பட்ட போதுதான் கூறுபடத் தொடங்கியது.

சுவைக்குச் சட்டம் இட்ட முதல் முயற்சி 1395இல் நிகழ்ந்தது. பர்கண்டிக் கோமகன் துணிவுடைய பிலிப், கமே என்னும் திராட்சைவகையை நம்பிக்கைக்கு ஒவ்வாத செடி எனப் பழித்து, வேரோடு களையுமாறு ஆணையிட்டார். தோட்டங்களுக்குச் சாணஎரு இடுவதையும் தடுத்தார். கமே மிகுதியாகக் காய்ப்பது. ஏழை உழவருக்கு உகந்தது. பினோ நுவார் குறைவாகக் காய்த்து உயர்விலை பெறுவது. தரம் பற்றிய ஆணையாக இன்று போற்றப்படுவது, எவருடைய வருவாய் காக்கப்பட வேண்டும் என்பது பற்றிய ஆணையும்தான்.

பயணியர் தவறாது படமெடுக்கும் நேர்க்கோட்டுக் கொடிவரிசைகள் துறவிகள் காலத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கொடிகள் வரிசையின்றிக் கூட்டமாக வளர்ந்தன. பழைய கொடியை மண்ணில் வளைத்துப் பதியனிட்டே புதியது உண்டாக்கினர். 1878இல் மெர்சோ ஊரில் ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி கண்டறியப்பட்டது. அமெரிக்கத் திராட்சையின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவதே பின்னர் உய்வழியாயிற்று. பதியனிடும் முறை அத்துடன் மறைந்தது; தோட்டங்கள் வரிசை வரிசையாக மீண்டும் நடப்பட்டன. 'மாறாத நிலக்காட்சி' என்பதன் வயது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டே.

ஊர்ப்பெயர்களும் ஏறக்குறைய அக்காலத்தில்தான் உருமாறின. ஜெவ்ரே என்னும் ஊர் 1847இல் தன் எல்லையிலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன் ஆயிற்று. 1879இல் புலினியும் ஷாசானும் மோன்ராஷேயைச் சேர்த்துக்கொண்டன. 1892இல் நுயி, நுயி-சேன்-ஜோர்ஜ் ஆயிற்று. ஊரால் தோட்டம் அறியப்படுவது இயல்பு. இங்குத் தோட்டத்தால் ஊர் அறியப்பட்டது. இடையில் நிற்கும் சிறுகோடு ஊரின் எளிய மதுவுக்கும் பெருந்தோட்டத்தின் புகழொளியைக் கடன் வாங்கித் தந்தது. வாங்குவோர் மயங்கக்கூடும் என்பது ஊர்மன்றங்களுக்குத் தெரியாததன்று.

பெயரே சொத்தாகிவிட்டபின் அதைக் காக்கச் சட்டம் வந்தது. 1935இல் பிரான்சு தோற்றஇடப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பை உருவாக்கியது. அடுத்த ஆண்டு முதல் தோட்டப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டவரையறை பெற்றன. 1994இன் உலக வணிக உடன்படிக்கையில் மதுவகைகளின் இடப்பெயர்களுக்குப் பிற பொருள்களைவிட வலுவான காப்பு கிடைத்தமைக்கு இம்மரபே பின்புலம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் அவ்வுடன்படிக்கையை ஒட்டிப் பிறந்தது. அதே வலுவான காப்பு தேயிலைக்கும் நெசவுக்கும் வேண்டும் என இந்தியா வாதிட்டுவந்தது.

விளம்பரத்துக்கு முந்திய பெயர்கள் வேறுவிதமாகப் பேசுகின்றன. பெரியேர் என்றால் கல்வெட்டிய குழிகள், ஜெனெவ்ரியேர், சூனிப்பர்ப் புதர் மண்டிய இடம், மோன்ராஷே, மொட்டைக்குன்று. கொடி பயிராவதற்கு முன்போ அதன் அருகிலோ அந்நிலம் என்னவாக இருந்தது என்பதை அவை பதிந்துவைத்துள்ளன. உலகின் மிக விலையுயர்ந்த மதுக்களுள் ஒன்றைத் தரும் லா தாஷ் என்னும் தோட்டத்தின் பெயரோ, மொத்தக் கூலிக்குப் பேசி ஒப்படைக்கும் வேலையைச் சுட்டுவதாக விளக்கப்படுகிறது. அவ்வகைக் கூலியாளைத் 'தாஷ்ரோன்' என அழைக்கும் வழக்கு பர்கண்டியில் இன்றும் உண்டு.

அக்கூலியாட்கள், உழும்போது வெளிப்பட்ட கற்களைச் சாந்தின்றி அடுக்கி மழைக்கு ஒதுங்கக் கட்டிய 'கபோத்' என்னும் சிறு குடில்கள் சரிவெங்கும் நிற்கின்றன. யுனெஸ்கோவின் பட்டியல் காக்கும் நிலக்காட்சியில் அவையும் அடக்கம். கட்டியவர் பெயர் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது.