வேலி மேய்ந்த நிலம்

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்று நம் நாட்டு முதியோர் கேட்பதுண்டு. காவலனே கள்வனாகிவிட்டால் கதி என்ன என்பதை விளக்க அவர்கள் கண்ட உவமை அது. உண்மையாகவே வேலி எழுந்து நிலத்தை மேயும் என்று அவர்கள் எண்ணியதில்லை. ஆனால் மேய்ந்தது! ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில், குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும், வேலிக்கென்று நட்ட சப்பாத்திக்கள்ளி வயலை மேய்ந்தது, புல்வெளியை மேய்ந்தது, இறுதியில் உழவனின் வீட்டு வாயிலையும் அடைத்தது. 1925ஆம் ஆண்டில் அந்தக் கள்ளி பற்றிப் படர்ந்திருந்த பரப்பு ஏறத்தாழ 6 கோடி ஏக்கர். இன்றைய தமிழ்நாட்டைப் போல இரு மடங்குக்குச் சற்றே குறைந்த நிலம்! அதில் பாதியளவு, ஆள் நுழையவும் வழியில்லாத முட்காடு.

அந்தக் கள்ளியின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துரைப்பது கதை கேட்கும் சுவைக்காக அன்று. உயிர்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்து வாழ்கின்றன என்பதை அறியாதவன், எத்துணை வல்லவனாயினும் தோற்பான். அறிந்தவன், அற்பப் புழுவைத் துணைகொண்டும் வெல்வான். அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்பவனோ, முன்னவர் இருவரும் காணாத கேட்டை விளைவிப்பான். இம்மூவரையும் இந்த வரலாற்றில் நாம் காணலாம்.

தொடக்கம் ஒரு நிறத்திலே இருக்கிறது. சிவப்பு நிறம்! பேரரசுகளின் படைவீரருக்குச் செந்நிற அங்கி வேண்டும்; பிரபுக்களுக்குச் செம்பட்டு வேண்டும். அதற்கான சாயத்தைத் தந்தது, மெக்சிகோ நாட்டுக் கள்ளி மடல்களில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்னும் சின்னஞ்சிறு பூச்சி. அதைத் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலேயே அடைத்து வைத்து ஸ்பெயின் நாட்டார் பொருள் குவித்தனர். ஆங்கிலேயர் அதைப் பார்த்துப் பெருமூச்செறிந்தனர். 1788இல் ஆஸ்திரேலியாவில் குடியேற வந்த முதல் கப்பற்கூட்டம், வழியில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் பூச்சியோடு கூடிய கள்ளிச் செடிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அதே ஆசை சென்னையையும் விட்டு வைக்கவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்தப் பூச்சியை வளர்ப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார்.

ஆஸ்திரேலியாவில் சாயத் தொழில் வேரூன்றவில்லை, கள்ளி வேரூன்றிற்று. பின்னர் வேறு கள்ளி இனங்களும் வந்து சேர்ந்தன. தொட்டிச் செடியாக வந்தது தோட்டத்துக்குச் சென்றது. தோட்டத்திலிருந்து வேலிக்குச் சென்றது. நீர் ஊற்ற வேண்டா, காவல் காக்க வேண்டா, ஆடும் மாடும் அண்டா. இதைவிட நல்ல வேலி ஏது என்று மகிழ்ந்தனர். ஒடிந்து விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டது. பழத்தைத் தின்ற பறவை விதையைத் தொலைவிலே தூவிற்று. வெள்ளத்தில் மிதந்து சென்ற மடல் ஆற்றங்கரையெல்லாம் குடியேறிற்று. பகலில் இலைத்துளை திறந்தால் நீர் ஆவியாகிப் போகும். கள்ளியோ தன் துளைகளை இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. மற்றச் செடிகள் வாடிக் கருகிய வறட்சியிலும் அது வாடவில்லை.

வெட்டினர், வெட்டிய துண்டுகள் துளிர்த்தன. எரித்தனர், எரியாத அடிக்கட்டை எழுந்தது. ஆர்சனிக் நஞ்சைத் தெளித்தனர். நிலத்தின் விலையை விட நஞ்சின் செலவு மிகுந்தது. கள்ளியை ஒழிக்க வழி காண்போர்க்கு 5,000 பவுன் பரிசு என 1901இல் குயின்ஸ்லாந்து அரசு அறிவித்தது. 1907இல் அதை 10,000 பவுனாக உயர்த்தியது. பரிசைப் பெறுவார் ஒருவரும் இல்லை. உழவர் பலர் நிலத்தை விட்டு, வீட்டை விட்டு, வெறுங்கையோடு வெளியேறினர்.

இதை ஊழ் என்று சொல்லி ஓய்வதா? நிலத்தின் சாபம் என்று நெற்றியில் அறைந்துகொள்வதா? அறிவுடையோர் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் ஒரு கேள்வி கேட்டனர். எளிய கேள்விதான்: "இந்தக் கள்ளி தன் தாயகத்தில் ஏன் இப்படி நாட்டை விழுங்கவில்லை?"

விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அமெரிக்கக் கண்டத்தில் கள்ளி தனித்து வாழவில்லை. அதன் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் உண்டு. சதையைக் குடையும் புழுக்கள் உண்டு. காயம்பட்ட மடலை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் உண்டு. தாக்குதலுக்குத் தப்பிய கள்ளி பெருகிற்று. அந்தக் கள்ளியையும் துளைக்கவல்ல புழு பெருகிற்று. தலைமுறை தலைமுறையாக, இலட்சக்கணக்கான ஆண்டுகளாக, ஒன்றை ஒன்று செதுக்கி வந்தன. வகுத்துத் தந்தவர் எவருமில்லை. வரம் கொடுத்தவரும் இல்லை. 1859இல் டார்வின் தம் நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வின் விளைவு அது. மனிதன் கள்ளியை மட்டும் கப்பலேற்றினான். அதன் பகையைத் துறைமுகத்திலேயே விட்டு வந்தான். பகையற்ற நிலத்தில் கள்ளி பேரரசாயிற்று.

கேள்விக்கு விடை தேடி 1912இல் குயின்ஸ்லாந்திலிருந்து ஹென்றி டிரையான், ஹார்வி ஜான்ஸ்டன் எனும் இருவர் உலகப் பயணம் புறப்பட்டனர். அவர்கள் கண்ட நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் உண்டு. இங்கே ஏன் வந்தனர்? கும்பினியாரின் பழைய பிழை ஒன்று இங்கே பாடமாக நின்றது. 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி, அவர்கள் தேடிய சாயப் பூச்சியே அன்று. அதன் காட்டு உறவு. நல்ல சாயம் தரவில்லை. ஆனால் நாட்டில் மண்டிக்கிடந்த ஒரு கள்ளி இனத்தை அது தின்று தீர்த்தது. அதைக் கண்ட பின், 1836க்கும் 1838க்கும் இடையில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். இம்முறை சாயத்திற்காக அன்று, கள்ளியை ஒழிக்கவே. 1860களில் அது இலங்கைக்கும் சென்றது. களையை ஒழிப்பதற்கென்றே பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்று பெற்ற முதல் வெற்றியாக உலக அறிவியல் வரலாறு இதைக் குறிக்கிறது.

எனினும் அந்த வெற்றிக்கு ஓர் எல்லை இருந்தது. ஒரு கள்ளி இனத்தை அழித்த பூச்சி, பக்கத்தில் நின்ற மற்றோர் இனத்தைத் தொடவில்லை! தொடாத அந்த இனமே பின்னர்த் தென்னிந்தியாவெங்கும் புதராக மண்டிற்று. 1926இல் வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து வரவழைத்த பின்னரே அது ஒடுங்கியது. கண்ணுக்கு எல்லாம் கள்ளியே. பூச்சிக்கு அப்படி அல்ல. தனக்குரிய இனம் எது என்பதை அதன் நீண்ட வரலாறு அதன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியர் மறக்கவில்லை. தம் நிலத்தை விழுங்கிய இனத்துக்குரிய பகை எது எனத் தேடினர். 1925இல் ஆலன் டாட் என்ற பூச்சியியலாளர் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் முட்டைகளை அனுப்பினார். மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவான முட்டைகள்! அந்தப் பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு முள்ளைப் போலவே மடலில் ஒட்டி வைக்கும். பொரித்த புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் துளையிடும். தனியொரு புழு கள்ளியின் பிசினில் சிக்கி மாளும், கூட்டம் மாளாது. உள்ளே புகுந்து குடைந்தபின், மடல் அழுகிச் சரியும்.

உடனே காட்டில் விட்டனரா? இல்லை. கூண்டில் அடைத்து, கள்ளியை அகற்றி, பயன் தரும் பயிர்களை முன்னே வைத்துப் பார்த்தனர். புழுக்கள் பட்டினி கிடந்து செத்தனவேயன்றி அவற்றைத் தின்று வளரவில்லை. அந்தச் சோதனைக்குப் பிறகே 1926இல் திறந்த வெளியில் விட்டனர். சில ஆண்டுகளில் பரப்பிய முட்டைகள் 200 கோடிக்கும் மேல். மலைபோல் நின்ற கள்ளிக்காடு கூழாகிச் சரிந்தது. அழுகிய மடலை நுண்ணுயிர்கள் சிதைத்தன. கள்ளி உறிஞ்சி வைத்திருந்த சத்து மண்ணுக்குத் திரும்பிற்று. அந்த மண்ணில் புல் எழுந்தது.

இடையில் ஒரு திகைப்பும் நேர்ந்தது. உணவு தீர்ந்ததால் புழுக்கள் பெருவாரியாக மடிந்தன. அடிக்கட்டைகளிலிருந்து கள்ளி மீண்டும் தளிர்த்தது. திட்டம் தோற்றதெனச் சிலர் அஞ்சினர். தளிர் பெருகவே பூச்சியும் மீண்டும் பெருகிற்று. 1933 வாக்கில் பெரும்பகுதி நிலம் மீண்டது. இன்றும் ஆஸ்திரேலியாவில் கள்ளி இருக்கிறது; அந்துப்பூச்சியும் இருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கள்ளி முளைக்கும். பூச்சி தேடி வரும். அழிவும் இல்லை, ஆதிக்கமும் இல்லை. குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்ற சிற்றூரில் உழவர் 1936இல் கட்டிய பொதுமண்டபம் ஒன்று அந்தப் பூச்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மன்னனுக்கன்று, மகானுக்கன்று, ஒரு பூச்சிக்கு நினைவு மண்டபம்!

இத்துடன் முடிந்திருந்தால் இனிய கதைதான். ஆனால் வெற்றி தந்த போதை வேறொரு பாடம் புகட்டிற்று. அதே குயின்ஸ்லாந்தில் 1935இல், கரும்பை அழிக்கும் வண்டுகளை ஒழிக்கவென்று ஹவாயிலிருந்து தேரைகளை வரவழைத்தனர். ஆய்ந்து சோதிக்கும் பொறுமை இம்முறை இல்லை. எச்சரித்த பூச்சியியலாளர் வால்டர் ஃபிராகட்டின் குரல் எடுபடவில்லை. கரும்பு வண்டு குறையவில்லை, தேரை பெருகிற்று. அதன் தோலிலுள்ள நஞ்சை முன்பின் அறியாத உடும்புகள் அதைத் தின்று மாண்டன. அந்தத் தேரை இன்றும் பரவி வருகிறது.

தேரையை விடுங்கள், புகழ்பெற்ற அந்துப்பூச்சியையே பாருங்கள். 1957இல் அதைக் கரிபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவுக்குக் கொண்டுசென்றனர். ஆஸ்திரேலியாவுக்குக் கள்ளி அயல்செடி. கரிபியன் பகுதிக்கோ அது சொந்தச் செடி. தீவு தீவாகப் பரவிய பூச்சி, 1989இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. அங்கே அரிய கள்ளி இனங்களைத் தின்னத் தொடங்கியது. கள்ளியை உணவாக உண்டு, கொடியிலும் பொறித்துப் போற்றும் மெக்சிகோ நடுங்கிற்று. ஓரிடத்தில் மண்டபம் பெற்ற பூச்சி, மற்றோரிடத்தில் தேடிக் கொல்லப்படும் பூச்சி. பூச்சி மாறவில்லை, சூழ்ந்திருந்த உறவுகள் மாறின.

ஆகவே, பிறப்பிலேயே நல்லது, பிறப்பிலேயே தீயது என்று எந்த உயிருக்கும் முத்திரை குத்த முடியாது. எங்கே நிற்கிறது, எதனோடு நிற்கிறது, எது அதைத் தடுக்கிறது, எதை அது தடுக்கிறது என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் அறிவியலுக்கு 1866இல் ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், வீடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் அமைத்தார். நாம் சூழலியல் என்கிறோம். உலகை உயிர்கள் கூடி வாழும் வீடாகப் பார்க்கும் அறிவு அது.

இளைஞர்களே! நம் கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதன் கொண்டுவந்ததே. வேரோடு பிடுங்கு என்ற முழக்கம் எழுகிறது. முழக்கம் எழுப்புவது எளிது. பிடுங்கிய இடத்தில் எது முளைக்கும்? அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வயிறு வளர்க்கும் இராமநாதபுரத்து ஏழைக்கு மாற்று என்ன? அதன் தாயகத்தில் அதைத் தடுத்து நிறுத்துவது எது? அந்தத் தடுப்பை இங்கே கொண்டுவந்தால், அது நம் வன்னி மரத்தையும் வெள்வேலத்தையும் தின்னாது என்பதற்குச் சோதனை எங்கே? இவற்றைக் கேளுங்கள். ஊரிலே கேளுங்கள், மன்றத்திலே கேளுங்கள், ஆள்வோரிடமும் கேளுங்கள். 10,000 பவுன் பரிசு வெல்ல முடியாத கள்ளியை வென்றது, ஒரு கேள்வியும், விடை கிடைக்கும்வரை காத்திருந்த பொறுமையும்தான்.