டெல்லி மாஸ்டர் பிளான் 2041: உங்கள் வாடகை வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டெல்லியின் மாஸ்டர் பிளான் 2021-உடன் முடிந்திருக்க வேண்டும். அடுத்த 20 ஆண்டுகளுக்கான 'மாஸ்டர் பிளான் 2041' வரைவு 2021 ஜூனில் மக்கள் கருத்துக்காக வெளியானது. 2023 பிப்ரவரியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) ஒப்புதல் கொடுத்து மத்திய அரசுக்கு அனுப்பியது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் கடந்தும் இறுதி ஒப்புதல் வரவில்லை. அதுவரை பழைய திட்டம்தான் சட்டம்.

"அரசாங்க ஃபைல் லேட் ஆகுறது புதுசா என்ன?" என்று கேட்கலாம். ஆனால் வீட்டு வாடகை, ஆபீஸுக்கு ஆகும் நேரம், தெருமுனைக் கடை என எல்லாமே இந்த ஃபைலோடு சம்பந்தப்பட்டவை.

மாஸ்டர் பிளான் என்றால் என்ன?

எந்த நிலத்தில் வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே எதுவுமே கட்டக் கூடாது என்று சொல்லும் சட்டபூர்வ ஆவணம் இது. எத்தனை மாடி கட்டலாம், எவ்வளவு பார்க்கிங் விட வேண்டும் என்பதும் இதில்தான் வரும். இதற்குக் கீழே மண்டலத் திட்டங்கள், அதற்கும் கீழே லே-அவுட் திட்டங்கள்.

முதல் திட்டம் 1962-இல் வந்தது. 1981-உடன் அது முடிந்தும், இரண்டாவது திட்டம் 1990-இல்தான் வந்தது. மூன்றாவது 2007-இல். ஆக, தாமதம் டெல்லிக்குப் புதிதல்ல.

யார் முடிவெடுப்பது?

சென்னையில் சிஎம்டிஏ தயாரிக்கும் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுக்கும். டெல்லியில் கதையே வேறு. அரசியலமைப்பின் 239ஏஏ பிரிவுப்படி நிலம், காவல்துறை, பொது ஒழுங்கு மூன்றும் டெல்லி அரசின் கையில் இல்லை. டிடிஏ-வின் தலைவர் துணைநிலை ஆளுநர். கடைசிக் கையெழுத்து மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்துடையது. டெல்லி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல்வருக்கு இதில் நேரடி அதிகாரம் கிடையாது.

இன்னொன்று: நொய்டா, குருகிராமில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவை உத்தரப் பிரதேசம், ஹரியாணாவின் கட்டுப்பாட்டில் வருபவை.

திட்டமும் நிஜமும் மோதினால்?

2006-இல் நடந்தது இதற்கு உதாரணம். குடியிருப்புப் பகுதிகளில் விதியை மீறி நடக்கும் கடைகளுக்கு சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு வரை போனது. பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களில் கடைகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. 2007 திட்டம் 'கலப்பு நிலப் பயன்பாடு' என்ற பெயரில் அதை ஏற்றுக்கொண்டது.

அதாவது, நகரம் முதலில் வளர்ந்தது, திட்டம் பின்னால் ஓடிவந்தது. அங்கீகாரமில்லாத 1,731 காலனிகளில் இருப்பவர்களுக்குச் சொத்துரிமை கொடுக்க 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்ததும் இதனால்தான்.

2041 வரைவில் என்ன இருக்கிறது?

2011 கணக்கெடுப்பில் டெல்லியின் மக்கள்தொகை 1.68 கோடி. 2041-இல் இது சுமார் 2.9 கோடியாகும் என வரைவு கணிக்கிறது. நிலமோ அதே 1,483 சதுர கி.மீ.தான். எனவே:

• மெட்ரோ நிலையங்களைச் சுற்றி நெருக்கமான, உயரமான கட்டுமானம்
• குறைந்த வாடகை வீடுகளுக்கு முக்கியத்துவம்
• இரவிலும் இயங்கும் வணிகப் பகுதிகள்
• யமுனை, வடிகால்கள், பசுமைப் பகுதிகளை ஒரே வலைப்பின்னலாகப் பாதுகாப்பது

கடைசி அம்சத்தை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-இன் 207.49 மீட்டர் சாதனையை முறியடித்தது. ஆற்றின் வெள்ளப் படுகையில் இருந்தவர்களே முதலில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கு இதில் என்ன?

2025 ஜூன் 1 அன்று, ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த 'மதராசி கேம்ப்' இடிக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. வடிகாலை ஆக்கிரமித்து நீரோட்டத்தைத் தடுக்கிறது என்ற அடிப்படையில், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடந்த நடவடிக்கை இது. சுமார் 370 வீடுகளில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அந்த வீடுகளும் ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளி, நரேலாவில்.

இடித்தது மாஸ்டர் பிளான் அல்ல. ஆனால் ஜங்புராவைச் சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்பவருக்கு அருகிலேயே மலிவான வீடு உண்டா, இல்லையா என்பது மாஸ்டர் பிளான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வடிகாலும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கத்தானே திட்டம்?

நாம் கருத்து சொன்னால் கேட்பார்களா?

சட்டப்படி கேட்டே ஆக வேண்டும். 2041 வரைவுக்கு முதலில் 45 நாள் அவகாசம் தந்தார்கள், பிறகு 75 நாளாக நீட்டித்தார்கள். சுமார் 33,000 ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் குவிந்தன. விசாரணைக் குழு அவற்றைக் கேட்டது.

கேட்பது வேறு, ஏற்பது வேறு. சென்ட்ரல் விஸ்டா திட்டத்துக்கான நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு 1,292 ஆட்சேபங்கள் வந்தன. ஆனாலும் 2020 மார்ச்சில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, மக்களுக்குப் போதிய தகவல் தரப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்.

டெல்லியில் வீடு வாங்கும் யோசனை இருந்தால், புரோக்கர் வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த மனையின் நிலப் பயன்பாடு மண்டலத் திட்டத்தில் என்னவென்று முதலில் பாருங்கள். டிடிஏ நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்பு வெளியிட்டால், கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் அனுப்பலாம். சென்னையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026 வரைதான். மூன்றாவது தயாராகி வருகிறது.