பொலோனாவின் நண்பகல் கோடு

இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள சான் பெட்ரோனியோ தேவாலயத்தின் தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதிக்கப்பட்டிருக்கிறது. கூரையின் சிறு துளை வழியே இறங்கும் வெயில் நண்பகலில் இக்கோட்டைக் கடக்கும். கோடையில் அது துளைக்கு அருகே விழும். குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய்விடும்.

ஈஸ்டர் நாளைக் கணிக்க, பகலும் இரவும் சமமாகும் வசந்த கால நாள் சரியாகத் தெரியவேண்டும். அதற்காக வானியலாளர் எக்னாசியோ தாந்தி 1570களில் இங்கே ஒரு கோடு அமைத்தார். தூண்கள் குறுக்கிட்டதால் அது சரியான வடக்கு தெற்காக அமையவில்லை. பின்னர் தேவாலயத்தை விரிவாக்கியபோது துளையிருந்த சுவரே இடிக்கப்பட்டது.

1655இல் முப்பது வயது வானியலாளர் ஜொவானி தொமெனிகோ கசீனி புதிய கோட்டை வரைந்தார். திசை காணும் வழி பழையது. பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் சொல்லும், நட்ட கழியின் நிழலைக் கொண்டு திசை காணும் சங்கு முறையும் இதே வகை. துளையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, அது தொடும் புள்ளியை மையமாகக் கொண்டு வட்டம் வரைவார்கள். ஒளிப்புள்ளி அவ்வட்டத்தை முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வெட்டும். அந்த இரு இடங்களுக்கும் நடுப்புள்ளியை மையத்தோடு இணைத்தால் வடக்கு தெற்குத் திசை கிடைத்துவிடும். கடினமானது திசையன்று, இடம்தான். கோடு தூண்களுக்கிடையே புகுந்து செல்லாது என்றே பலர் நினைத்தனர். கசீனி துளைக்குப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்து அதைச் சாதித்தார். துளையின் உயரம் சுமார் 27 மீட்டர், விட்டம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு உயரம் வீண் ஆடம்பரமல்ல. தரையில் விழும் சூரிய பிம்பம் கோடையில் ஒரு சாணுக்குச் சற்று மேலிருக்கும். குளிர்காலத்தில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். அத்தனை பெரிய பிம்பத்தில் சிறு மாற்றமும் அளவுக்கு அகப்படும். இதைக் கொண்டு கசீனி ஒரு பழைய கேள்வியைச் சோதித்தார். சூரியன் சில மாதங்கள் விரைந்தும் சில மாதங்கள் மெதுவாகவும் நகர்வது பண்டைக்காலத்திலேயே தெரியும். சீரான வேகத்தில் செல்லும் சூரியனின் தொலைவு மட்டுமே மாறுவதால் அப்படித் தோன்றுகிறது என்பது பண்டைய வானியலாளர் தாலமியின் கொள்கை. அந்த மாற்றத்தில் பாதி மட்டுமே தொலைவால் தோன்றுவது, மறுபாதி வேகமே உண்மையில் மாறுவதால் வருவது என்றார் பிற்கால வானியலாளர் கெப்லர். தாலமி சொன்னது சரியென்றால் பிம்பத்தின் விட்டம் கெப்லரின் கணக்கைப்போல் இருமடங்கு கூடிக்குறைய வேண்டும். கசீனியின் அளவுகள் கெப்லர் பக்கமே நின்றன. பூமியே சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. நகரமோ போப்பின் ஆட்சியில் இருந்தது. சுற்றுவது சூரியனா பூமியா என்ற கேள்வியை இந்த அளவீடு தொடவில்லை என்பது கசீனிக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

1669இல் அவர் பாரிசுக்குப் போனார். கட்டடம் அசைந்து அளவுகள் பிசகியதால், 1695இல் திரும்பிவந்து அறிஞர் குலியெல்மினியுடன் கோட்டைச் சீர்செய்தார். 1776இல் வானியலாளர் சனோத்தி, கோட்டிலிருந்த பழைய இரும்புப் பட்டையை எடுத்துவிட்டுப் பித்தளைப் பட்டை பதித்தார்.