சலவைக் குறியும் நீலம் பாரித்த குழந்தைகளும்

பச்சிளங்குழந்தையின் துணியை முதலில் துவைப்பது அழுக்குக்காக மட்டுமல்ல என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது ஒரு முத்திரை மை. 1886-இல் ரேய்னர் என்பவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு எழுதினார். மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் சிலருக்கு உடல் நீலம் பாரித்தது. இதயத்திலும் நுரையீரலிலும் கோளாறு இல்லை. காரணம், இடுப்புத் துணியில் குத்தியிருந்த சலவைக் குறி. குழந்தை நனைத்ததும் மையிலிருந்த அனிலின் கரைந்து, தோல் வழியே இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிட்டது. அதைத் திரும்பச் சரிசெய்யும் நொதி பிறந்த குழந்தையிடம் குறைவு. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூடக் குழந்தைக்கு ஆபத்தாவது இதனால்தான்.

பாடம் எளிதில் பரவவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இதே மை பல ஊர்களில் குழந்தைகளைப் படுத்தியது. முத்திரை குத்திய துணியைக் கொதிக்கவைத்துத் துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதே மாற்று.

துவைத்தால் மட்டும் போதாது, நன்றாக அலசவும் வேண்டும். 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், மருத்துவமனைச் சலவையில் சேர்த்த பென்டாகுளோரோஃபீனேட் உப்பு துணியில் தங்கி, 2 குழந்தைகள் இறந்தன.

பிறகு கவலை ஃபார்மால்டிஹைடு பக்கம் திரும்பியது. சுருக்கம் விழாமலிருக்க ஆலைகள் ஏற்றும் பிசினிலிருந்து வரும் இது நீரில் கரையும். ஒரு தடவை துவைத்தாலே பெரும்பகுதி குறையும். ஜப்பான் 1973-இல் இயற்றிய சட்டத்தின் கீழ், 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடைகளில் இதற்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது.