மூக்கை அளந்த துரை

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தைகள் பழக்கம். எக்டோமார்ஃப், மீஸோமார்ஃப், எண்டோமார்ஃப். அதாவது ஒல்லி, கட்டுமஸ்து, குண்டு. சேலம் ஐந்து ரோடாக இருந்தாலும் சரி, நாமக்கல் பரமத்தி ரோடாக இருந்தாலும் சரி... ‘நீங்க எண்டோமார்ஃப் சார், சோத்தைக் குறைங்க’ என்று மாஸ்டர் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம்.

இந்த வார்த்தைகளைப் பிரபலப்படுத்தியவர் வில்லியம் ஷெல்டன் என்கிற அமெரிக்க உளவியல் நிபுணர். காலம், 1940-கள். உடம்பின் வடிவத்தை வைத்தே ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. குண்டாக இருப்பவர் சுகவாசி, கட்டுமஸ்தானவர் அடாவடி, ஒல்லியானவர் கூச்ச சுபாவி! நம்மூர் கைரேகை ஜோசியம் மாதிரி இருக்கிறதா? ஆனால், ஜோசியரிடம் இல்லாத ஒரு சரக்கு ஷெல்டனிடம் இருந்தது. ஆயிரக்கணக்கான காலேஜ் மாணவர்களின் நிர்வாணப் புகைப்படங்கள்.

எங்கிருந்து கிடைத்தன? ஹார்வர்ட், யேல், வெல்லஸ்லி, வாஸர் போன்ற பெரிய இடங்களில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. ‘கூன் விழாமல் நிமிர்ந்து நிற்கிறாயா என்று பார்க்க வேண்டும்’ என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். உடைகளைக் கழற்று, நேராக நில், பக்கவாட்டில் திரும்பு, க்ளிக்! முதுகெலும்பின் வளைவு படத்தில் தெரிய வேண்டும் என்று முதுகில் உலோக ஊசிகளை ஒட்டிய இடங்களும் உண்டு. ஹார்வர்டில் 1880-களில் ஆரம்பித்த பழக்கம், வேறு சில இடங்களில் 1960-கள் வரை ஓடியது.

கூன் பார்க்க என்று எடுத்த படங்களில் பல, குணம் பார்க்கிற ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தன. படத்தில் நிற்கிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1950-ல் சியாட்டிலில் ஒரு மாணவி போய்த் தன் வீட்டில் சொன்னார். பெற்றோர் வக்கீல்களோடு வந்து நின்றார்கள். ஷெல்டனின் ஆட்கள் எடுத்த படங்கள் எரிக்கப்பட்டன. ஆண்களின் உடம்புகளை வைத்து 1954-ல் ஒரு அட்லஸ் வெளியிட்ட ஷெல்டனால், பெண்களுக்கான அட்லஸைக் கடைசிவரை கொண்டுவர முடியவில்லை. 1995 ஜனவரியில் ரான் ரோசன்பாம் என்ற பத்திரிகையாளர், மிச்சப் படங்கள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருப்பதை நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். படத்தில் இருந்தவர்கள் அப்போது அமெரிக்காவின் பெரிய மனிதர்கள். உடனே காப்பகத்தைப் பூட்டினார்கள். யேல் மாணவர்களின் படங்கள் அழிக்கப்பட்டன.

இப்போது நம் பக்கம் வருவோம்.

சேலத்துச் சமவெளியில் எங்கே நின்று வடக்கே பார்த்தாலும் சேர்வராயன் மலை தெரியும். நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை. இரண்டு மலைகளிலும் காலங்காலமாக இருப்பவர்கள் மலையாளிகள். கேரளாக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழிக் கதை.

1890-களில் இவர்களைத் தேடி ஏற்காட்டுக்கு வந்தார் எட்கர் தர்ஸ்டன். லண்டனில் மருத்துவம் படித்தவர். 1885-ல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றவர். முத்துக்குளித்தல், பழங்கால நாணயம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர், கடைசியில் மனிதர்களிடம் வந்தார். அவருடைய மூட்டையில் இருந்தவை உயரம் அளக்கிற கம்பம், தலையை அளக்கிற கவராயம், கேமரா.

எதை அளந்தார்? உயரம், நெஞ்சு, தோள், தலையின் நீளம், அகலம். முக்கியமாக மூக்கு! மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வருவது ‘நாசி எண்’. மூக்கு 50 மில்லிமீட்டர் உயரம், 40 மில்லிமீட்டர் அகலம் என்றால் எண் 80. எழுபதுக்குக் கீழே கூர்மூக்கு, 85-க்கு மேலே சப்பைமூக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி இதை வைத்து ஒரு சித்தாந்தமே கட்டினார். மூக்கு அகலமாக ஆக, சாதிப் படியில் இடம் கீழே போகுமாம்!

நான் படித்தது பி.காம். எனக்கு இதைப் பார்த்தால் வருஷக் கடைசியில் கடைகளில் எடுக்கிற ஸ்டாக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. எந்த அலமாரியில் எந்தச் சரக்கு, எத்தனை உருப்படி, என்ன சைஸ். ஒரே ஒரு வித்தியாசம். சரக்குக்கு வாய் கிடையாது. மலையாளிகளுக்கு இருந்தது.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். 1909-ல் கே. ரங்காச்சாரியின் உதவியோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் முன்னுரையில் வருகிறது. ‘இந்தத் துரை நம்ம நிலத்தைச் சர்க்காருக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, நம்மை அந்தமானுக்கு ஏற்றிவிடப் போகிறார்’ என்று சேர்வராயன் மலைவாசிகள் பயந்தார்களாம். அவர் இதை வேடிக்கைச் செய்தியாகத்தான் சொல்கிறார். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கிற கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து மறுத்தாராம். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களைப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று ஓடினார்களாம். ‘அப்படிச் செய்ய முடிந்தால் எத்தனை வசதி’ என்கிற தொனியில் ஒரு ஜோக்கும் அடிக்கிறார் துரை.

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தார். அப்புறம் அந்த மலைச்சரிவுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் பெருகின. ‘அளவுக்கோலோடு ஒரு துரை வந்தால் நிலம் போகும்’ என்பது அந்த மலைக்காரர்களுக்கு மூடநம்பிக்கையா, அனுபவமா? அந்தமானில் கைதிகளின் காலனி நிஜமாகவே இருந்தது. தூக்குமரமும் நிஜம். அவர்கள் மறுத்த காரணம் தப்பாக இருக்கலாம். மறுத்தது தப்பே இல்லை.

லண்டனில் 1884-ல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கண்காட்சியில் அளவெடுக்கும் கூடம் வைத்தார். மக்கள் மூன்று பென்னி கொடுத்து, வரிசையில் நின்று, தங்கள் அளவைத் தாங்களே தெரிந்துகொண்டு போனார்கள். அங்கேயும் அதே கருவி, அதே ஆராய்ச்சி ஆசை. ஆனால் பிடிக்காதவர் மூன்று பென்னியை மிச்சம் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டலாம். ஏற்காட்டில் அப்படி நடையைக் கட்ட முடியுமா? சர்க்கார் துரை, அவர் பின்னால் டவாலி, சிப்பந்திகள். ‘சரி’ என்று ஒருவர் சொன்னால் அது சம்மதம் ஆகிவிடாது. ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்ற நிலைமை இருந்தால்தான் அது சம்மதம். யேல் மாணவனுக்கே அது இல்லை. சீட்டு போய்விடுமோ என்று அவனும் பேசாமல் நின்றான்.

இந்த அளவுகள் எங்கே போய்ச் சேர்ந்தன? மியூசியத்தில் தர்ஸ்டன் நடத்திய செயல்முறை வகுப்புகளில் போலீஸ்காரர்களும் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அளவை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காண்பது அன்றைக்குப் புது ஃபேஷன். பிறகு கைரேகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களைப் பதிவு செய்து, ரேகை எடுத்து, ஆஜர் கொடுக்க வைத்தார்கள். உப்பு வியாபாரம் செய்து பிழைத்து, ரயில் வந்ததும் பிழைப்பை இழந்த மக்களும் அதில் சிக்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் இன்றைக்கும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலைப் பாருங்கள். ‘சேலம் உப்புக் கொரவர்’ என்று ஒரு பெயர், பக்கத்திலேயே சேலம், நாமக்கல் மாவட்டங்கள் என்ற குறிப்போடு நிற்கிறது. சேலத்துக்கு மாம்பழம், நாமக்கல்லுக்கு முட்டை என்று பெருமையாகச் சொல்கிறோம். இதுவும் நம் ஊர்ப் பெயரோடு ஒட்டிய சரித்திரம்தான்.

விஞ்ஞானமாவது மிஞ்சியதா? ரிஸ்லியின் அளவுகளைப் புள்ளியியல் மேதை மகலனோபிஸ் 1930-களில் மறுபடி ஆடிட் செய்து, கணக்கில் பிழைகள் இருப்பதைக் காட்டினார். அம்பேத்கர் 1948-ல் எழுதிய ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் இதே மாதிரியான மூக்கு அளவுகளை எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று எதிராளியின் கத்தியாலேயே குத்தினார். ஷெல்டனின் குண தத்துவத்தையும் உளவியல் உலகம் கைவிட்டுவிட்டது. மிச்சம் இருப்பது ஜிம் பாஷை மட்டும்தான்.

அப்படியானால் தர்ஸ்டனின் தொகுதிகளையும் எரித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சடங்கு, கல்யாண முறை, வாய்மொழிக் கதை என்று வேறெங்கும் பதிவாகாத எத்தனையோ விஷயங்கள் அதில் இருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழிலேயே அதைக் கொண்டு வந்திருக்கிறது. அது மட்டுமில்லை. பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அந்த இனத்தின் மானுடவியல் கூறுகளையும் பார்க்க வேண்டும் என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று 2023-ல் தெளிவுபடுத்தியது. தாத்தாவை அளந்த ஆளின் புத்தகம் பேரனின் காலேஜ் சீட்டுக்கு உதவினாலும் உதவும், உபத்திரவம் செய்தாலும் செய்யும்.

அதனால் கேள்வி, எரிப்பதா வைப்பதா என்பதில்லை. யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்பதுதான். சியாட்டில் மாணவிக்கு வக்கீல் இருந்தார். யேல்காரர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. அவர்கள் படம் போய்விட்டது. ஏற்காட்டுக்காரரின் மூக்கு அளவு 1899-ல் அச்சான மியூசியம் புல்லட்டினில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அந்த அளவுகளையும் பழைய படங்களையும் மலைக் கிராமங்களுக்கு எடுத்துப் போய், ‘இது உங்கள் பாட்டன், என்ன செய்யலாம்?’ என்று கேட்பதுதான் முறை. பெயர் சேர்க்கச் சொல்லலாம், மூடி வைக்கச் சொல்லலாம், ஊரில் ஒரு பிரதி கேட்கலாம். அவர்கள் பாடு.

நம் பாட்டுக்கு வருவோம். 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவரின் ரேகை, கண்பாவை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? ‘அளவுகள்’! பதிவை 75 வருஷம் வைத்திருக்கலாம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பெழுதிய நாட்டில்தான் இதுவும். ஆபீஸில் விரல், ஆஸ்பத்திரியில் முகம், ஸ்கூலில் பிள்ளையின் போட்டோ என்று தினம் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அடுத்த தடவை கேட்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். எதற்கு? யாரிடம் இருக்கும்? எப்போது அழிப்பீர்கள்?

பதில் சொல்லத் திணறினால், சேர்வராயன் மலைக்காரர்கள் மாதிரி கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை.